வேப்பிலை கட்டியிருந்த வீடு

9 ஜூன் 2025, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனசு வரவில்லை என்றால் படித்துவிட்டு யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம். பெரியப்பாவிடம் வேண்டவே வேண்டாம். எங்கள் டீச்சரிடம் கொடுத்தாலும் கடைசியில் அது பெரியப்பாவிடம்தான் போய்ச் சேரும். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவர் அவர். கும்பிட்டுக் கேட்கிறேன்.

என் பெயர் மோகனப்பிரியா. ப்ளஸ் டூ படிக்கிறேன். மதுக்கரையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோப்பும் நார் மில்லும் இருக்கின்றன. வீடு தோப்புக்குள். எல்லோரும் படுத்த பிறகு மாடியில் என் அறையில் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் வைத்து இதை எழுதுகிறேன்.

இன்று அப்பா கோர்ட்டுக்குப் போனார். அக்கா வழக்கில் சாட்சி விசாரணை ஆரம்பித்துவிட்டது. அவர்தான் முதல் சாட்சி. வந்ததும் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். சாப்பிடவில்லை. பெரியப்பா மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். "எல்லாஞ் செரியாப் போய்ட்டிருக்குது. வாய வெச்சுட்டு சும்மா இருந்தாப் போதும்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

11 ஜூன்

பேப்பரில் வந்ததை எழுதி வைக்கிறேன். எழுதிப் பார்த்தால் எனக்கே புரியுமோ என்னவோ.

என் அக்கா ரித்திகா கோவையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். கடைசி வருடம் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அருண்குமாரோடு பேசிக்கொண்டு நின்றது கேமராவில் இருக்கிறது. அவன் பைக்கில் ஏறியதும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அவன் போன் அன்றைக்கு மதுக்கரை டவரில் காட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய கல்குழித் தண்ணீரில் அக்கா கிடைத்தாள். கழுத்தை நெரித்திருந்தார்கள். கேமராவில் காதில் தெரிந்த பச்சைக்கல் கம்மல் உடம்பில் இல்லை. ஆகவே அவன்தான். கம்மலை எங்கேயோ வீசிவிட்டான், கிடைக்கவில்லை. இவ்வளவுதான் வழக்கு.

கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அருண்குமார் ஏசி ரிப்பேர் செய்பவன். அக்காவுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கு அது தெரியும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரிந்துபோயிருந்தது. "அவிய வேற ஆளுங்க" என்றார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு மேல் பேச்சு நகராது.

பிடிபட்டதிலிருந்து அவன் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறானாம். "தோப்பு முக்குல எறக்கிவுட்டேனுங்க. ஊட்டுப் பக்கம் நடந்து போனாங்க." அது உண்மையா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர்கூட எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், என்னால்.

14 ஜூன், சனி

அப்போது எனக்கு அம்மை போட்டிருந்தது.

வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தார்கள். பின்னறையில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கப் போட்டிருந்தார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் யாரும் வாசப்படி தாண்டக்கூடாது. அக்கா கிடைத்த அன்றைக்கு வந்த இன்ஸ்பெக்டர் வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்றுவிட்டாராம். பெரியப்பா, "அம்மன் எறங்கியிருக்கற ஊடுங்க சார்" என்றாராம். அவர் ஷூவைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தென்னை மரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். பிறகு வேப்பிலையை அவிழ்த்தோம். அவர்கள் வரவில்லை. அதற்குள்தான் ஆள் கிடைத்துவிட்டானே.

இப்போது நான் எழுதப் போவதுதான் எனக்குப் பயம்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் நெருப்பாக இருந்தது. அம்மா மாரியம்மன் கோவிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்தாள். இருட்டு விழும் நேரம். யாரோ என் நெற்றியில் கை வைத்தார்கள். கை குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தது. "என்ன அம்மிணி, மூஞ்செல்லாம் கொத்தமல்லிச் சட்னி மாதிரி இருக்குது" என்று சிரித்தாள். அக்கா. வாயில் ஒரு பன்னீர் திராட்சை வைத்தாள். எனக்கு அம்மை என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது, அதனால் பயமில்லை.

பிறகு முன்கட்டில் பெரியப்பா குரல். அப்பா குரல். அக்கா, "நான் ஹாஸ்டலுக்கே போயர்றேன், உடுங்கப்பா" என்றாள். ஏதோ விழுந்தது. அதன் பிறகு காரின் சத்தம். பிறகு வெகுநேரம் யாரோ அழுதார்கள். ஆம்பளை அழுகை.

அம்மா வந்ததும் கேட்டேன். பெரியப்பாதான் பதில் சொன்னார். "அக்காளா? ஹாஸ்டல்ல இருக்கறா. காச்சல்ல உளறாத."

அக்கா செத்த பிறகும் சொன்னேன். "காச்சல்ல கண்டதையும் கேட்டிருக்குது புள்ள" என்றார்கள். எல்லோரும். திரும்பத் திரும்ப. இப்போது எனக்கே தெரியவில்லை. காய்ச்சலில் சுவர்மேல் யானை போவதைக்கூடப் பார்த்தேன். அந்த யானை பொய்தானே. அப்போது திராட்சை?

20 ஜூன்

இன்றும் கோர்ட். அருண்குமாருக்கு இந்த முறையும் ஜாமீன் இல்லை.

24 ஜூன், செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது என்று இன்று தெரிந்தது. எழுத மாட்டேன். நித்யஸ்ரீதான் சொன்னாள். "உங்கிட்டச் சொல்லாம இருந்தா நானும் சிரிச்ச மாதிரி ஆயிரும்டி" என்றாள். பிறகு தன் டிபனில் இருந்த முட்டையை எனக்கு வைத்துவிட்டு, "இத வெச்சு ஈடு கட்டிக்க" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்ததும் அக்கா நினைப்பு வந்து, முட்டையை அவள் டிபனிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

பெரியப்பா மகன் நிதீஷ் அண்ணனுக்குப் பார்த்த இரண்டாவது பெண்ணும் கைவிட்டுப் போயிற்று. நிச்சயம் வரை வந்து நின்றுபோனது. பெரியப்பா பூசாரியிடம் குறி கேட்கப் போனார். பூசாரி சொன்னாராம்: "உங்க ஊட்டுல கல்யாணமாகாத புள்ள ஒண்ணு போயிருக்குது. அதக் கன்னியா எடுத்து வெச்சுக் கும்புடாம எப்படி நல்லது நடக்கும்? ஆடி மொத வெள்ளி கும்புடுங்க."

கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஒரு பெட்டியில் அவளுக்குப் புதுத் துணி, வளையல், பூ, பொட்டு. அதோடு கடைசியாக அவள் உடம்பில் இருந்த பொருள் ஒன்று. கடைசியாக இருந்ததேதான் வைக்க வேண்டும். வேறு எதையாவது வைத்து ஏமாற்றினால் கன்னி குடும்பத்தையே அழித்துவிடுவாள் என்பார்கள்.

பெரியப்பாவின் முகம் இப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. அக்காவுக்குப் பயப்படுகிறார். உயிரோடு இருந்தபோது அவள்தான் அவருக்குப் பயப்படுவாள்.

"கடைசியா இருந்ததுக்கு எங்கண்ணா போறது?" என்றார் அப்பா.

"அதெல்லாம் பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றார் பெரியப்பா.

18 ஜூலை, ஆடி வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் சாமி அறையில் எல்லாம் வைத்தார்கள். அரக்குப் பாவாடை, மாம்பழ மஞ்சளில் தாவணி, கண்ணாடி வளையல், மல்லிகை. சர்க்கரைப் பொங்கல். அம்மா கடைசியாக முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து, பாலில் கழுவி, வெற்றிலைமேல் வைத்தாள். வைத்த கையோடு பூவை அதன்மேல் போட்டு மூடினாள். ஆண்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மூடவில்லை.

பச்சைக்கல் கம்மல். ஒரு கம்மலில் ஒரு கல் மட்டும் கறுத்த பச்சையாக இருக்கும். கல் விழுந்து, டவுன்ஹால் பக்கம் ஆசாரியிடம் கொடுத்து, அவர் வேறு கல் வைத்துவிட்டார். "பாசி பிடிச்ச மாதிரி இருக்குது" என்று அக்கா அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள். அதே கல். அதே கம்மல். உக்கடம் கேமராவில் அவள் காதில் இருந்தது. அருண்குமார் வீசிவிட்டான் என்று கோர்ட்டில் சொல்கிறார்களே, அது.

நிமிர்ந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 ஜூலை

அது காய்ச்சல் இல்லை. அக்கா வந்தாள். திராட்சை நிஜம்.

22 ஜூலை, செவ்வாய்

இன்றைக்குத்தான் வீட்டில் அம்மாவும் நானும் தனியாக இருந்தோம். அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள், தலையை நிமிர்த்தாமல்.

"கெணத்தடிக் கல்லுமேல இருந்துச்சு. மூஞ்சி கழுவறப்ப எப்பவும் கழட்டி வெப்பா அல்ல. நான் கோயலுக்குப் போய்ட்டு வந்து கைகால் கழுவப் போனேன். இருந்துச்சு. எடுத்து முடிஞ்சுட்டேன். அப்பறம் ஞாயித்துக்கெழம வந்து சொன்னாங்க."

"அப்பறம் ஏம்மா சும்மா இருந்தே?"

ஒரு புளியைப் பிளந்து கொட்டையைத் தட்டில் போட்டாள்.

"ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணு பின்னாடி ரூம்ல வேப்பெலைல கெடக்குது. உங்க பெரியப்பன் அந்த ரூம் கதவையே பாத்துட்டு நின்னான். நான் என்ன பேசறது."

என்னால்தான். போலீஸ் உள்ளே வராததும் என்னால். அம்மா வாயை மூடியதும் என்னால். அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்ததே எனக்காகத்தான்.

"அப்பாவா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். "நான் கேக்கல. கேட்டாச் சொல்லிப்போடுவாரு. அப்பறம் அவருகூட எப்படி இருக்கறது?"

புளியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் அவள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று பெரியப்பா தினமும் கேட்டு வாங்குகிறார், மனப்பாடப் பாட்டுக் கேட்பதுபோல. "எம் மக அன்னிக்கு ஊட்டுக்கு வரவே இல்லீங்க." அம்மா ஒப்பிக்கிறாள்.

25 ஜூலை

அப்பா இன்று எனக்கு ஸ்கூட்டி வாங்கித் தருவதாகச் சொன்னார். ப்ளஸ் டூ முடிந்ததும். என் அப்பா நல்லவர். நார் மில்லில் ஒருவர் கை பெல்ட்டில் மாட்டியபோது அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். இதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். அன்றைக்கு அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யாமல் நின்றாரா? அழுதது அவர்தானா? ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தால் அது கொஞ்சமா?

30 ஜூலை, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பள்ளி விட்டு உக்கடத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு அம்மா. மடியில் துணிப்பை. என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பேப்பரில் போட்டோ பார்த்திருக்கிறேன். அருண்குமாரின் அம்மா, ராமாமணி. எழுந்து ஓடலாம் என்றால் கூட்டம்.

"நீ ரித்திகா தங்கச்சிதான கண்ணு?" என்றார். "மூக்கு அப்படியே இருக்குது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒருவாட்டி ஊட்டுக்கு வந்திருக்குது உங்கக்கா. தோசை கருகிப்போச்சுன்னு நான் வெக்கப்பட்டேன். கருகுனதுதான் எனக்குப் புடிக்கும் அத்தேன்னு ரெண்டு கேட்டு வாங்கித் தின்னுச்சு. அத்தேன்னு கூப்புட்டுச்சு." கண்ணைத் துடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஜெயில்ல இருந்து வாரேன். எளைச்சுட்டான். அம்மா, அடுத்த வாய்தாவுக்கு வராதேங்கறான். வராம எங்கயிருக்கறது, சொல்லு." பிறகு பையைத் துழாவி ஒரு கொய்யாவை எடுத்து என் மடியில் வைத்தார். "சாப்புடு. ஸ்கூல் விட்டு வர்ற புள்ள பசிச்சிருக்கும்."

என்னிடம் ஏதும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில்தான் செய்தார்கள் என்று சொல்லவில்லை. கொய்யா கொடுத்தார்.

என் நிறுத்தம் வந்தது. எழுந்து நின்றேன். வாய் தானாகப் பேசியது. "வக்கீல் எங்கம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கட்டும். கன்னிக்கு என்ன வெச்சுக் கும்புட்டீங்கன்னு கேக்கச் சொல்லுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டேன். தோப்பு வழியெல்லாம் ஓடினேன்.

31 ஜூலை

என்ன காரியம் செஞ்சுபோட்டேன். அம்மாவை மாட்டிவிட்டேன். கூண்டில் நிற்க வைத்து எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அவள் இல்லை என்று சொன்னால் கன்னியிடம் பொய்யாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் சாயங்காலம் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். இருந்திருந்தா ஜெயில்ல இருக்கற அந்த அருண்குமார் அண்ணன்?

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

கட்டுச்சோறு கட்டி ஆற்றுக்குப் போனோம். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

5 ஆகஸ்ட்

நாளைக்கு அம்மா சாட்சி. இரவு எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். இரண்டு வருடமாகப் பின்னியதில்லை. "உச்சி கோணலாப் போச்சு" என்று அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். மறுபடி அவிழ்த்தாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

வேகமாக எழுத வேண்டும்.

வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா தன் போனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். மதியத்துக்கு மேல் அதில் ஒரு புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். எடுத்தால் அம்மா.

"கண்ணு, நாஞ் சொல்லிப்போட்டேன்" என்றாள்.

முதலில் அரசு வக்கீல் கேட்டாராம். எம் மக ஊட்டுக்கு வரவே இல்லீங்க என்று ஒப்பித்தாளாம். பெரியப்பா வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் அருண்குமார் பக்கத்து வக்கீல், ஹுமேரா என்கிற அம்மா, எழுந்து வந்து கோபமாக ஒன்றும் கேட்கவில்லையாம். "ஏனுங்கம்மா, மகளக் கன்னியா வெச்சுக் கும்புடறீங்களாமே. என்ன வெச்சுக் கும்புட்டீங்க?" என்றாராம்.

"எத்தனையோ பொய் சொல்லியிருக்கறேன் கண்ணு. இந்த ரெண்டு வருசமா வாயத் தொறந்தாப் பொய்யி. ஆனா அவ பேரச் சொல்லி வெச்சத இல்லீன்னு எப்படிச் சொல்லுவேன். பச்சக்கல்லுக் கம்மலுங்கன்னு சொன்னேன். எங்கிருந்து கெடச்சுதுன்னாங்க. கெணத்தடியிலன்னேன்."

நீதிபதி இரண்டாம் முறை கேட்டு எழுதிக்கொண்டாராம். வீட்டைச் சோதனை போடவும், வழக்கைத் திரும்ப விசாரிக்கவும் உத்தரவு போட்டிருக்கிறாராம். அம்மாவை இந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. பெண் போலீசோடு இருக்கிறாள். காலையில் அவர்களோடு வருவாள். ராமாமணி கோர்ட் வாசலில் அவள் காலில் விழப் போனாராம். "நான் அவ காலுல விழோணும்" என்றாள் அம்மா.

கடைசியாகக் கேட்டாள். "நீ சொன்னதா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"செரி" என்றாள். "சாமி ரூம் பெட்டில இருக்கறத எடுத்து உங்கிட்ட வெச்சுக்க. தாப்பாள் போட்டுக்க. நான் வந்து பேர் சொல்லிக் கூப்புடுவேன். அது வரைக்கும் யாருக்கும் தொறக்காத. பயப்படாத சாமி, வாரேன்."

எடுத்துக்கொண்டேன். வெற்றிலையோடு எடுத்து, மாடிக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பூ காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடது கைக்குள் இருக்கிறது. வலது கையால் எழுதுகிறேன்.

இருட்டிய பிறகுதான் கார் வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் இறங்கினார்கள். சமையலறையில் விளக்குப் போடவில்லை. யாரும் சாப்பிடக் கேட்கவில்லை. பெரியப்பா சாமி அறைக்குப் போனார். பெட்டி திறக்கும் சத்தம். வளையல்கள் கொட்டும் சத்தம்.

"இதுல இல்லீடா. மேல போயி அவகிட்டக் கேளு."

அப்பாவின் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"கேளுங்கறேன் அல்ல. அன்னிக்கு மாதிரி நின்னுட்டே இருப்பியா?"

அப்படியென்றால் அப்பா நின்றுகொண்டு இருந்திருக்கிறார். நின்றுகொண்டு மட்டும். இது தெரிந்து எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டுமா? இல்லை. இல்லவே இல்லை. அவள் "உடுங்கப்பா" என்றாளே.

படியில் காலடி. ஒருவர்தான். மெதுவாக ஏறி வருகிறார். அது அப்பாவின் நடை, எனக்குத் தெரியும். நடுப்படியில் நின்றுவிட்டார். மூச்சு கேட்கிறது. திரும்பிக் கீழே போய்விடுவாரா? போயிருங்கப்பா. இல்லாட்டி என்னோட வந்து உட்காருங்க, விடியற வரைக்கும் ரெண்டு பேரும் —

தட்டுகிறார். பேர் சொல்லவில்லை. கண்ணு என்கிறார். மறுபடியும் தட்டி, கண்ணு, கதவைத்